40 ஜிபி கல்யாண வீடியோ, 4.7 ஜிபி டிவிடி: எந்த வழி நல்லது?

தங்கச்சி மகள் கல்யாணம் செங்கோட்டையில் நடந்தது. வீடியோ எடுத்தவர் ஒரு மாதம் கழித்து பென்டிரைவில் தந்தது ஒரே ஃபைல். ஓடும் நேரம் 3 மணி 10 நிமிடம், முழு எச்டி, விநாடிக்கு 25 படம், ஏறக்குறைய 40 ஜிபி. மாப்பிள்ளை வீடு புனலூர். அவர்களிடம் புது டிவி இருக்கிறது, பென்டிரைவைச் செருகினால் போதும். தென்காசியில் இருக்கும் அண்ணன் லேப்டாப்பில் பார்ப்பார். சிக்கல் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் குளத்துப்புழையில்தான்.

அங்கே ரப்பர் தோட்டக் குடியிருப்பில் என் அத்தை இருக்கிறார். 1964-ல் ஆன சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக அமைத்த தோட்டம் அது. மாமா குடும்பம் அப்படி வந்த குடும்பம். மழைக்காலத்தில் அங்கே போனில் பேசவே வீட்டுக்கு வெளியே வரவேண்டும். நான் 'லிங்க் அனுப்பட்டுமா' என்று கேட்டதற்கு அத்தை சொன்னது: "மருமவனே, போன்ல வர்றது என் கண்ணுக்குப் பத்த மாட்டேங்கு. பெட்டில போட்டா ஓடுத மாதிரி சிடியாக் குடு." கல்யாணத்துக்கு வர முடியாமல் முழங்கால் வலியோடு படுத்திருந்தவர். அவர் நன்றாகப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு முக்கியமாக இருந்தது. அதனால் எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகச் செய்து, போட்டுப் பார்த்து முடிவு செய்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தையோ தாத்தாவோ இருந்தால் இது உதவும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். '40 ஜிபியை 4.7-க்குள் எப்படி அடைப்பது' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உண்மையில் அந்த 40-க்கு இங்கே வேலையே இல்லை. வட்டில் எழுதப்போவது புதிதாகச் செய்யும் ஒரு படம். அதன் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே: எத்தனை நிமிடம் ஓடும், ஒரு விநாடிக்கு எத்தனை பிட் தருகிறோம். வட்டின் கொள்ளளவு மாறாது. ஆகவே நிமிடம் கூடினால் விநாடிக்குக் கிடைக்கும் பங்கு குறையும். பந்தியில் இலை கூடினால் இருக்கிற பாயசத்தைப் பங்கிட்டுத்தானே ஊற்ற வேண்டும்.

கணக்கு எளிது. 4.7 ஜிபி என்றால் 4700 மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆகவே எட்டால் பெருக்கினால் 37600 மெகாபிட். 190 நிமிடம் என்பது 11400 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 3.3 மெகாபிட். மெனு, ஃபைல் அமைப்பு, சிறு பிசகு எல்லாவற்றுக்கும் நூற்றுக்கு நாலு கழித்தால் 3.17. ஒலிக்கு 192 கிலோபிட் போனால் படத்துக்கு மிஞ்சுவது 3-க்கும் சற்றுக் குறைவு. டிவிடி விதிப்படி படத்துக்கு 9.8 வரை கொடுக்கலாம். நமக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்று. உறையில் 4.7 என்று இருந்தாலும் விண்டோஸ் அதை 4.37 ஜிபி என்றுதான் காட்டும். வட்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது. அதனால் கம்ப்யூட்டரில் 4.5 ஜிபி என்று தெரியும் ஃபைல் 4.7 வட்டில் ஏறாது. இரவெல்லாம் கன்வெர்ட் செய்துவிட்டுக் காலையில் 'இடமில்லை' என்ற செய்தியைப் பார்ப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, எல்லாவற்றையும் ஒரே சாதாரண டிவிடியில் அடைப்பது. பிளேயரில் போட்டால் ஓடும் டிவிடி என்றால் படம் எம்பெக்-2 என்ற சுருக்கும் முறையில், நம் ஊர் டிவிக்கான 'பால்' (PAL) கணக்கில், வழக்கமாக 720க்கு 576 புள்ளிகளில் இருக்க வேண்டும். எச்டியில் 20 லட்சத்துச் சொச்சம் புள்ளி, இதில் 4 லட்சத்துச் சொச்சம். அந்த இழப்பு அத்தையின் டிவியில் தெரியாது. தெரிவது வேறு. ஒரு வட்டில் 190 நிமிடத்தையும் அடைத்து என் வீட்டில் போட்டுப் பார்த்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்திருக்கும் காட்சி அருமையாக இருந்தது. புடவைச் சரிகை, மாலையில் இருந்த மரிக்கொழுந்துகூடத் தெரிந்தது. தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளம் எழுந்தது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். அவ்வளவுதான், திரை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்தது. பெண்ணின் முகம் இரண்டு மூன்று கட்டங்களாகி, மீண்டும் முகமாகச் சேர்வதற்குள் மாப்பிள்ளை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டார்.

ஏன் அங்கே மட்டும் உடைகிறது? எம்பெக்-2 ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, நடுவில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். மணையில் அசையாமல் இருப்பவர்கள் விஷயத்தில் மாற்றம் கொஞ்சம்தான், பிட் மிஞ்சும். அட்சதை விழும்போது ஆயிரம் அரிசி ஆயிரம் திசையில் போகிறது. கேமரா ஃபிளாஷ் வேறு பளிச் பளிச் என்று அடிக்கிறது. திரையில் எதுவுமே முந்தின படத்தில் இருந்தபடி இல்லை. கற்பூரப் புகையும் அப்படித்தான். கல்யாண வீடியோவில் எந்த நொடிக்காகப் படம் எடுக்கிறோமோ அந்த நொடிதான் சுருக்குவதற்கு மிகக் கடினமான நொடி.

ஒரே வட்டில்தான் வேண்டும் என்று இருந்தால் நிலைமையைத் தேற்ற மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, இருமுறை ஓட்டம், அதாவது டூ-பாஸ். முதல் ஓட்டத்தில் மென்பொருள் முழுப் படத்தையும் பார்த்து எங்கே அட்சதை, எங்கே அமைதி என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவதில் அமைதியான இடத்தில் மிச்சம் பிடித்து அட்சதைக்குச் செலவழிக்கும். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும். அளவு முன்பே உறுதியாக இருக்கிற வட்டுக்கு இதுதான் சரி. 'தரம் இவ்வளவு' என்று மட்டும் சொல்லிவிட்டு அளவை மென்பொருளிடம் விடுகிற முறை பென்டிரைவுக்கு நல்லது, வட்டுக்கு ஆகாது, கடைசியில் எவ்வளவு வரும் என்று தெரியாது. இரண்டு, அகலத்தைப் பாதியாக்கி 352க்கு 576 என்று எழுதுவது. டிவிடி விதியில் இந்த அளவுக்கு இடம் உண்டு (விதிப்படி 4:3 வடிவத்தில்). படம் கொஞ்சம் மழுங்கும், ஆனால் கட்டம் உடையாது. விநாடிக்கு மூன்று மெகாபிட்டுக்குக் கீழே போனால் கூர்மையாக உடைவதைவிட மென்மையாக ஓடுவது கண்ணுக்கு நல்லது என்பது என் கருத்து. மூன்று, ஒலி. சில மென்பொருள்கள் கேட்காமலே ஒலியைச் சுருக்காத பிசிஎம்மில் எழுதிவிடும். அது மட்டும் விநாடிக்கு ஒன்றரை மெகாபிட் தின்னும். நம்மிடம் இருப்பதே மூன்று! ஏசி-3 என்ற சுருக்கும் முறையில் 192 கிலோபிட் போதும். நாதஸ்வரம் கரகரப்பது போலத் தோன்றினால் 256 வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போதே மைக்கில் ஒலி கரகரத்திருந்தால் எந்த எண்ணும் அதைச் சரிசெய்யாது.

இவ்வளவும் செய்த பிறகும் அட்சதை என் மனசுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வழி, இரண்டு வட்டு. இதைச் சொன்னால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 98 நிமிடத்துக்கு ஒரு வட்டு என்றால் படத்துக்கு ஏறக்குறைய 5.9 மெகாபிட் கிடைக்கிறது. ஒரே தாவலில் இரண்டு மடங்கு. அதே அட்சதைக் காட்சியில் அரிசி அரிசியாகத் தெரிந்தது. பெண் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கடித்தது தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே வட்டில் அடைத்தபோது அது இருந்த இடமே தெரியவில்லை. செலவு இன்னொரு வட்டு, இரண்டு டீ விலைக்கு மேல் பெரிதாகப் போகாது. குறை என்று சொன்னால் நடுவில் எழுந்து மாற்ற வேண்டும்.

அதனால் எங்கே வெட்டுவது என்பதில் யோசனை வேண்டும். மென்பொருளை விட்டால் சரிபாதியில், யாரோ ஆசீர்வாதம் செய்து கையைத் தூக்கும்போது வெட்டிவிடும். நானே உட்கார்ந்து பார்த்து, பெரியவர்கள் திருநீறு பூசி முடிந்து பந்திக்குப் போகிற இடத்தில் வெட்டினேன். முதல் வட்டு 92 நிமிடம், இரண்டாவது 98. மாப்பிள்ளை அழைப்பு முதல் தாலி வரை ஒன்றில். பந்தி, சாயங்கால வரவேற்பு, பெண்ணை அனுப்புவது இன்னொன்றில்.

நிமிடத்தைக் குறைப்பதும் ஒரு வழிதானே என்று கேட்கலாம். உண்மைதான், இரண்டு மணி நேரமாக வெட்டினால் ஒரே வட்டில் விநாடிக்கு 4.8 கிடைக்கும், அது நல்ல தரம். நான் முயன்றேன். வரவேற்பில் வரிசையாக வந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் 50 நிமிடத்தைத்தான் யாரும் முதலில் வெட்டச் சொல்வார்கள். ஆனால் அத்தைக்கு அந்த 50 நிமிடம்தான் வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் நரைத்துவிட்டார்கள் என்று அதில்தானே தெரியும்! வெட்டுவதற்கு முன்னால் பார்க்கப்போகிறவரைக் கேளுங்கள்.

மூன்றாவது, இரட்டை அடுக்கு டிவிடி. 8.5 ஜிபி, ஒரே வட்டில் முழுதும் அடங்கும், படத்துக்கு 5.5 மெகாபிட் வருகிறது. காகிதத்தில் பார்த்தால் இதுதான் வெல்ல வேண்டும். ஆனால் பழைய பிளேயர்கள் இதை எழுதிய வட்டாகப் பார்த்தால் பல நேரம் முரண்டு பிடிக்கும். பிளஸ் (டிவிடி+ஆர்) வகையில் வாங்கி, எழுதும்போது வட்டின் வகையை 'டிவிடி ரோம்' (ஆலையில் அச்சான வட்டு) என்று பதியும் வசதி உங்கள் ரைட்டரில் இருந்தால் வாய்ப்பு கூடும். ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குத் தாவும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கலாம். விலையும் கூட. தென்காசியில் நாலு கடை ஏறி இறங்கியும் ஒரே கடையில்தான் கிடைத்தது. அது என் பிளேயரில் ஓடியது, பக்கத்து வீட்டில் 'நோ டிஸ்க்' என்றது. வட்டு போகப்போகிற வீட்டுப் பிளேயரிலேயே போட்டுப் பார்க்க முடிந்தால் மட்டும் இதை நம்புங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கொடுத்தனுப்புகிற வட்டுக்கு நான் இதை நம்பவில்லை.

நாலாவது வழிதான் இளைஞர்கள் எல்லோரும் சொல்வது: எம்பி4 ஃபைலாகச் சுருக்கி டேட்டா வட்டாக எழுதிவிடு. எச்.264 முறை எம்பெக்-2-வைவிட மிகக் கெட்டிக்காரத்தனமாகச் சுருக்கும். அதே மூன்று மெகாபிட்டில் 1280க்கு 720 அளவில் மூன்று மணி நேரமும் ஒரே வட்டில், அட்சதையும் பெரிதாக உடையாமல் வந்தது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதை அழகாகச் செய்யும். லேப்டாப்பில் பார்க்கும் தென்காசி அண்ணனுக்கு நான் கொடுத்தது இதுதான். ஆனால் சாதாரண டிவிடி பிளேயருக்கு எச்.264 தெரியாது. அதன் முகப்பில் யூஎஸ்பி துளை இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, பல பிளேயர்கள் அதில் எம்பெக் அல்லது பழைய எக்ஸ்விட் ஏவிஐ மட்டும்தான் ஓட்டும். எழுதும்போது ஒரு எச்சரிக்கை: ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஐஎஸ்ஓ என்ற பழைய ஃபைல் அமைப்பில் ஏறாமல் சண்டித்தனம் செய்யும், யூடிஎஃப் என்று தேர்ந்தெடுங்கள். பென்டிரைவில் இருக்கும் ஃபேட்32 அமைப்புக்கும் அதே 4 ஜிபி வரம்பு உண்டு.

ப்ளூரே பற்றியும் சொல்ல வேண்டும். 25 ஜிபி வட்டில் இந்தக் கல்யாணம் விநாடிக்கு 17 மெகாபிட் வரை பெற்று முழு எச்டியிலேயே இருக்கும். தரத்தில் இதற்கு நிகர் மற்றவற்றில் இல்லை. ஆனால் செங்கோட்டை முதல் புனலூர் வரை எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டிலும் ப்ளூரே பிளேயர் இல்லை. பிளேயரில் ஓடும்படி எழுதவும் தனி விதிகள். 1080 அளவில் விநாடிக்கு 25 முழுப் படம் என்பது அந்த விதியில் நேராக இல்லை, இன்டர்லேஸ் (ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதி) என்று குறித்து எழுத வேண்டும். போதாக்குறைக்கு, எழுதும் ப்ளூரே வட்டுகள் செய்வதை 2025 பிப்ரவரியோடு சோனி நிறுத்திவிட்டது. நம் நாட்டில் வீட்டுக்கு வீடு வட்டு விற்ற மோசர் பேயர் 2018-லேயே கலைக்கும் உத்தரவுக்குப் போய்விட்டது. இனி வட்டு தேடி வாங்க வேண்டிய பொருள்தான். விசிடியை நான் தொடவே இல்லை. 352க்கு 288, ஒரு சிடியில் 80 நிமிடம், கல்யாணத்துக்கு மூன்று சிடி ஆகும்.

ஏற்கெனவே ஸ்டுடியோவில் டிவிடியாகவே செய்து கொடுத்து, அது 7 ஜிபி, 8 ஜிபி என்று இருந்தால் மட்டும் டிவிடி ஷ்ரிங்க் நல்ல கருவி. பழையது, ஆனால் வேகமானது. எம்பெக்-2-வை முழுதாகப் பிரித்துச் சேர்க்காமல் விவரங்களை மட்டும் தட்டிக் குறைக்கும். கால்பங்கு குறைப்பது வரை கண்ணுக்குத் தெரியாது. பாதியாக்கச் சொன்னால் தெரியும். மூல ஃபைல் கையில் இருக்கும்போது அதிலிருந்தே புதிதாகச் செய்வதுதான் முறை. சுருக்கியதை மீண்டும் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு போய்விடும். புதிதாகச் செய்ய நான் பயன்படுத்தியது டிவிடி ஸ்டைலர், இலவசம்தான். அதில் 'பால்' என்பதையும் 16:9 என்பதையும் மறக்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மாப்பிள்ளை மெலிந்து உயரமாகிவிடுவார்.

இங்கே என் பழைய டேப் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் அதில் முடிவு நேர்மாறாக வந்தது. 2010 செப்டம்பரில் செங்கோட்டை-புனலூர் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதையாக மீண்டும் வர 2018 ஆயிற்று. நிறுத்துவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் கழுதுருட்டி பதிமூணு கண்ணறைப் பாலத்துக்குக் கீழே நின்று மினி டிவி (Mini DV) என்ற சிறு கேமரா டேப்பில் ரயில் போவதைப் படம் பிடித்தேன். ஒரு மணி நேர டேப், கம்ப்யூட்டரில் ஏற்றினால் 13 ஜிபி. இதற்கு டிவிடிதான் பொருத்தமான வீடு. டேப்பே 720க்கு 576, டிவிடியும் அதேதான், புள்ளி எதையும் குறைக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம்தான் என்பதால் விநாடிக்கு 8 மெகாபிட் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் முதல் முறை எழுதியபோது பாலத்தின் மேல் ரயில் முன்னே ஒரு அடி, பின்னே அரை அடி என்று துடித்துத் துடித்துப் போனது. நின்ற மரம் சரியாக இருந்தது, ஓடுகிற பெட்டிதான் துடித்தது. காரணம் வரிசை. டேப்பில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக, அரைக்கணம் முன்பின்னாக எடுக்கப்பட்டது. மினி டிவியில் கீழ்ப்பாதி முதலில் வரும். நான் மேல்பாதி முதல் என்று விட்டுவிட்டேன். 'பாட்டம் ஃபீல்டு ஃபர்ஸ்ட்' என்று ஒரே ஒரு இடத்தில் மாற்றியதும் ரயில் வழுக்கிக்கொண்டு போனது. பழைய டேப் வைத்திருப்பவர்கள் யாராவது குறுக்கே நடக்கும் காட்சியைப் போட்டுச் சோதித்துவிட்டு எழுதுங்கள். அந்த 13 ஜிபி மூலத்தையும் அழிக்கவில்லை. வெவ்வேறு வீட்டில் இருக்கும் இரண்டு ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறேன். எழுதிய டிவிடியில் இருப்பது சாயம், வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. பார்ப்பதற்கு வட்டு, பாதுகாப்பதற்கு ஹார்டு டிஸ்க்.

எழுதும் வேலையிலும் ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் 16 மடங்கு வேகத்தில் எழுதிய வட்டு கடைசிப் பத்து நிமிடத்தில் நின்று நின்று ஓடியது. டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது, விளிம்புதான் கடைசி. வட்டை விளிம்பு வரை நிரப்பினால் பழைய பிளேயர் அங்கேதான் திணறும். இப்போது 8 வேகத்தில் எழுதி, எழுதி முடிந்ததும் சரிபார்க்கச் சொல்லிவிடுகிறேன். 4.37-க்குப் பதிலாக 4.2-உடன் நிறுத்திக்கொள்கிறேன். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, வட்டு சுழலும்போது நிலை தவறும். வட்டுக்கென்று இருக்கிற பேனாவால் எழுதினால் போதும்.

கடைசியில் புனலூர் சம்பந்தி வீட்டுக்குப் பென்டிரைவில் எச்.264, முழு எச்டி, விநாடிக்கு 8 மெகாபிட். ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டுவதால் பென்டிரைவை அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் அமைப்புக்கு மாற்றிக் கொடுத்தேன், அவர்கள் டிவி படித்தது. தென்காசி அண்ணனுக்கு டேட்டா டிவிடி. குளத்துப்புழைக்கு இரண்டு சாதாரண டிவிடி, ஒவ்வொன்றிலும் மெனு இல்லாமல், போட்டதும் தானே ஓடும்படி. ரிமோட்டைத் தேடி 'ப்ளே' அமுக்கும் சிரமம் அத்தைக்கு வேண்டாம். முதல் வட்டின் முடிவில் கறுப்புத் திரையில் பெரிய எழுத்தில் 'இனி 2-ஆம் சிடி போடவும்' என்று பத்து விநாடி சேர்த்தேன். புளியரை வழியாக மலையேறி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிளேயரில் போட்டு, நாதஸ்வரம் கேட்கும் வரை கூட இருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் வெளியே வந்து நின்று போன் பேசினார். தாலி கட்டும் இடத்தை நாலு தடவை பார்த்தாராம். "பிள்ளை உதட்டைக் கடிச்சுட்டு இருக்கா, பாத்தியா மருமவனே? அவ அம்மையும் அப்படித்தான் கடிச்சா." அப்புறம் இரண்டாம் வட்டில் பந்தியில் மூன்றாவது வரிசையில் இருக்கும் வெள்ளைச் சட்டைக்காரர் யார் என்று கேட்டார்.